செல்லப்பாவின் வீடு ஒழிந்த விவரம்

மட்டாஞ்சேரி பஜார் ரோட்டுக்குப் பின்னால், இஞ்சிக் கிடங்கை ஒட்டிய சந்தில் கொத்தனார் செல்லப்பா வாடகைக்கு இருந்த ஓட்டு வீட்டின் அடுக்களை, 2022ஆம் வருடம் ஜூலை நான்காம் தேதி காலை ஏழரை மணிக்கு இல்லாமல் போயிற்று. இடிந்து விழவில்லை. ஓடு சரியவில்லை, தூசி கிளம்பவில்லை, சத்தமும் கேட்கவில்லை. அப்போதுதான் கப்பை என்கிற மரவள்ளிக்கிழங்கை வேகவைத்து இறக்கிய சட்டி, அதை இறக்கிவைத்த மேடை, அடுப்பு, சுவர், கூரை எல்லாம் போய் அந்த இடத்தில் முழங்கால் உயரத்துக்குப் புல் நின்றது. பல வருடமாக அங்கேயே வளர்ந்து முற்றிய புல். செல்லப்பா முப்பத்தாறு வருடம் கட்டிட வேலை பார்த்தவர் என்பதால் முதலில் கத்தவில்லை. மடங்காத காலை நீட்டி உட்கார்ந்து, கடப்பாரையால் இரண்டடி தோண்டிப் பார்த்தார். அஸ்திவாரக் கல் ஒன்றுகூட இல்லை. அந்த இடத்தில் யாரும் எதையும் எப்போதும் கட்டியிருக்கவில்லை. அதற்குப் பிறகுதான் கத்தினார். விசைப்படகு மீன்பிடிக்கு டிராலிங் தடை நடந்துகொண்டிருந்ததால் அன்று மத்தி கிலோ இருநூற்று எண்பது ரூபாய்க்கு விற்றது.

இதற்கு மூன்று நாள் முன்பு நடந்ததைச் சொல்லாவிட்டால் இது விளங்காது. செல்லப்பா சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து பிழைப்புக்கு வந்தவர். வந்த புதிதில் பார்க்கிறவர்கள் எல்லாம் "எவிடெயா தாமசம்?" என்று கேட்பார்கள். எங்கே குடியிருக்கிறீர்கள் என்று அர்த்தம். அவருடைய ஊரில் தாமசம் என்றால் தாமதம். மனுஷன் பதறிப்போய், "ஒண்ணும் தாமசம் இல்ல சார், இந்தா வந்துட்டேன்" என்று சொல்லிவிட்டு வேலைக்கு ஓடுவார். அப்படி ஓடி ஓடி எர்ணாகுளத்தில் ஆறு அடுக்குமாடிகளும் ஆலுவாவில் ஒரு கல்யாண மண்டபமும் கட்டினார். சொந்தமாக ஒரு செங்கல் கிடையாது. 2021 நவம்பரில் சாரத்திலிருந்து விழுந்து முட்டி போயிற்று, கூடவே வேலையும் போயிற்று. மனைவி அதற்கு நான்கு வருடம் முன்பே போய்விட்டாள். திருப்பூரில் கட்டிக்கொடுத்த மகளிடம் வேலை நன்றாகப் போகிறது என்று போனில் சொல்லிவந்தார். ஏழு மாத வாடகை நின்றுபோயிற்று. வீட்டுக்காரர் ரமேஷ்பாபு கெட்டவர் இல்லை, ஏழு மாதம் பொறுத்தவர்தான். ஆனால் அந்த வீட்டை டூரிஸ்டுகள் தங்கும் இடமாக மாற்றித் தருகிறேன் என்று ஓர் ஆள் வந்து ஆசை காட்டியதும் அவர் பொறுமை தீர்ந்தது. திங்கட்கிழமை சாமானைத் தூக்கிச் சந்தில் வைத்துவிடுவேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

கொச்சியில் செல்லப்பாவுக்குச் சொந்தம் என்று இருந்தது சித்தப்பா மகள் கமலாக்ஷி ஒருத்திதான். இங்கேயே பிறந்து மலையாளத்தில் படித்தவள். பத்திரம் எழுதும் வெங்கிடேஸ்வரனின் ஆபீஸில் பதினெட்டு வருடமாக எழுத்து வேலை. அவளுடைய மலையாளக் கையெழுத்து அச்சடித்த மாதிரி இருக்கும். தமிழோ, அப்பாவின் மளிகைக் கடைச் சீட்டுகளைப் பார்த்துக் கற்றுக்கொண்டதோடு நின்றது. பள்ளுருத்தியில் இரண்டு அறை வீடு. ஓர் அறையில் அவளும் புருஷன் வெங்கிடேஷும். இன்னோர் அறையில் மகள் அதிதி டாக்டர் படிப்பு நுழைவுத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தாள். செல்லப்பா ஆபீஸ் வாசலில் வந்து நின்று விஷயத்தைச் சொன்னபோது, கமலாக்ஷி சொல்ல வேண்டிய வாக்கியம் என்ன என்பது அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும். நம்ம வீட்டுக்கு வந்து இருங்க என்பதுதான் அது. அவள் அதைச் சொல்லவில்லை. ஒரு பத்திரம் எழுதித் தருகிறேன் என்றாள். பாய் விரிப்பதைவிடப் பேப்பர் விரிப்பது சுலபம். அவளைக் குற்றம் சொல்ல எனக்கு வாயில்லை, நானும் அதைத்தான் செய்திருப்பேன்.

அதுவும் சின்ன உதவி இல்லை. அவளே ரமேஷ்பாபுவிடம் போய் நின்று அறுபது நாள் அவகாசம் வாங்கினாள். அதற்குள் காலி செய்துவிடுவதாகச் செல்லப்பா முத்திரைத்தாளில் எழுதித் தர வேண்டும் என்று பேச்சு. முத்திரைத்தாளையும் அவளே வாங்கினாள். செல்லப்பா ஒரே ஒரு நிபந்தனை போட்டார்: பத்திரம் தமிழில் இருக்க வேண்டும். முன்பு ஒரு காண்ட்ராக்டர் நீட்டிய மலையாளக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டு இரண்டு மாதச் சம்பளத்தைத் தொலைத்தவர் அவர். எனவே கமலாக்ஷி மலையாளத்தில் யோசித்து, தமிழ் எழுத்தில் எழுதினாள். மட்டாஞ்சேரியில் ஒருவர் வீடு ஒழிந்தார் என்றால் சாமானை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வேறு இடம் போனார் என்று அர்த்தம். அவள் எழுதியது இது: "அறுபது நாளுக்குள் இவ்வீடும் இதிலுள்ள சகலமும் முழுமையாக ஒழியும் என்று இதனால் உறுதி கூறுகிறேன்." செல்லப்பா கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு தடவை வாசித்தார். கமலாக்ஷியின் முகத்தை ஒரு தடவை பார்த்தார். கையெழுத்துப் போட்டார். ரமேஷ்பாபுவுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது; முத்திரையைப் பார்த்துவிட்டு அவரும் போட்டார். பழைய தமிழில் ஒழிப்பது என்றால் காலி செய்வதும்தான் என்று பின்னால் ஒரு வாத்தியார் வந்து விளக்கினார். வீடு அவ்வளவு படித்ததில்லை. அது தனக்குத் தெரிந்த தமிழில் ஒழிய ஆரம்பித்தது.

சனிக்கிழமை ஒரு கரண்டி, ஞாயிற்றுக்கிழமை ஜன்னல் கொக்கி, திங்கட்கிழமை அடுக்களை. செவ்வாய்க்கிழமை ரமேஷ்பாபு வந்து பின்பக்கம் போனவர், போன வேகத்திலேயே திரும்பி வந்து வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். "என்டெ அடுக்களெ எவிடெ, சேட்டா?" என்றார். "எனக்கும் அதான் சார் தெரியல, நேத்துக் காலம்பற வரைக்கும் இருந்தது" என்றார் செல்லப்பா. கல்லையும் ஓட்டையும் பிரித்து விற்றுவிட்டார் என்று ரமேஷ்பாபு போலீசில் சொன்னார். முட்டி போன மனுஷன் ஒரு காலைப்பொழுதில் அஸ்திவாரத்தோடு அடுக்களையைத் தூக்கி விற்பது எப்படி என்று போலீசாருக்கும் புரியவில்லை. அவர்கள் புல்லின் நீள அகலத்தை அளந்தார்கள். காணவில்லை என்று எழுதிக்கொண்டார்கள். அடுக்களையின் சமீபத்திய போட்டோ இருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் போனார்கள். அந்த வாரமே துவைக்கிற கல் போயிற்று, பிறகு குளியலறை, பிறகு பின்கட்டு அறை. கார்ப்பரேஷன் வீட்டு வரி ரசீதில் சதுர அடி யாரும் திருத்தாமலே குறைந்திருந்தது. ரமேஷ்பாபுவுக்கு வரியில் மிச்சமான தொகை எழுபத்து நான்கு ரூபாய். காலையில் எழுந்ததும் பல் தேய்ப்பதற்கு முன்பு எல்லோரும் அவரவர் வீட்டுச் சுவரைத் தொட்டுப் பார்த்தார்கள். செல்லப்பாவுக்குச் சாயாவும் சோறும் கொண்டுவந்து கொடுத்தவர்கள்கூட, பாத்திரத்தை அன்றைக்கே கேட்டு வாங்கிக்கொண்டு போனார்கள்.

கமலாக்ஷி இரண்டு தடவை வந்து பார்த்தாள். இரண்டாம் தடவை பின்கட்டு அறை இருந்த இடத்தில் நின்று, புல்லில் கிடந்த ஒரு நத்தையையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அதன் ஓட்டில் பாசி பிடித்திருந்தது, அதுவும் அங்கே பழைய குடி. தான் எழுதிய பத்திரத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இருக்கும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. அவள் கண்ணில் அது நல்ல பத்திரம், பிழை இல்லாதது.

ஆகஸ்ட் பதினொன்றாம் தேதி செல்லப்பாவின் இடது கால் சுண்டுவிரல் இல்லை. ரத்தம் இல்லை, தழும்பு இல்லை, வலியும் இல்லை. ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த டாக்டர், பிறவியிலேயே இப்படியா என்று கேட்டு, சத்து மாத்திரை எழுதிக்கொடுத்தார். அடுத்த வாரம் மற்ற நான்கு விரல்களும் போயின. பிறகு சுவரில் மாட்டியிருந்த மனைவியின் படம் போயிற்று. மறுநாள் அவர் வெங்கிடேஸ்வரனின் ஆபீசுக்குக் கம்பு ஊன்றிக்கொண்டு வந்தார். கமலாக்ஷியின் மேஜைக்கு முன்னால் நின்று மெதுவாக, வெட்கப்பட்டுக்கொண்டு கேட்டார்: "கமலா, ஒங்க மதினி பேரு என்னம்மா?"

விளையாட்டுக்குக் கேட்கிறார் என்று நினைத்து அவள் சிரித்துவிட்டாள். பிறகு அவர் கண்களைப் பார்த்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. பாக்கியலக்ஷ்மி என்று சொன்னாள். அவர் மேஜைமேல் கிடந்த பேனாவை எடுத்து உள்ளங்கையில் எழுதிக்கொண்டார். முப்பத்தொரு வருடம் கூட வாழ்ந்தவளின் பேரை ஒரு மனுஷன் பஸ் நம்பர் மாதிரி கையில் எழுதிக்கொள்வதைப் பார்த்தபோதுதான் கமலாக்ஷிக்குப் பத்திரத்தில் இதிலுள்ள சகலமும் என்று எழுதியது நினைவுக்கு வந்தது. அலமாரியைத் திறந்து பத்திரத்தின் நகலை எடுத்தாள்.

"வாசிச்சிட்டுதானே அண்ணா கையொப்பிட்டீங்க?"

"ரெண்டு தடவ வாசிச்சேன்."

"வீடு ஒழியும்னா தமிழ்ல என்னாக்கும் அர்த்தம்?"

"ஒழியும்னா ஒண்ணுமில்லாமப் போவும். நாசமாப் போவும்."

"அது தெரிஞ்சிட்டும் ஒப்பிட்டீங்களா?"

செல்லப்பா உள்ளங்கையை ஊதிக்கொண்டிருந்தார், மை காயட்டும் என்று. "நீ கோவத்துல எழுதியிருக்கேன்னு நெனச்சேன் தாயி. நானும் ஓயாம வந்து நிக்கேன், ஒனக்கும் தொந்தரவுதான. சபிச்சாலும் எனக்குன்னு ஒரு காகிதம் எழுதித் தந்தவ நீ ஒருத்திதான். சரி, போட்டுருவோம்னு போட்டேன்."

பதினெட்டு வருடத்தில் எத்தனையோ பத்திரம் எழுதியவள், தன் அண்ணனுக்குச் சாபத்தை முத்திரைத்தாளில் எழுதி, கீழே சாட்சிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்திருக்கிறாள். அதைவிட, அவர் அதை வாசித்துப் புரிந்துகொண்டு, இவள் அப்படி எழுதக்கூடியவள்தான் என்று நம்பிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். அதுதான் அவளை அடித்துப் போட்டது. முதலாளி வெங்கிடேஸ்வரன் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அவர் தொழில் தெரிந்தவர், அதிர்ச்சியிலும் தொழில் மறக்காதவர். கையெழுத்தான பத்திரத்தை அடிக்கவோ சுரண்டவோ கூடாது, பிழை திருத்தல் பத்திரம் ஒன்று தனியாக எழுத வேண்டும், அதில் முன்பு கையெழுத்துப் போட்ட இரண்டு பேரும் போட வேண்டும் என்றார். அறுபது நாளில் ஆறு நாள் பாக்கி இருந்தது.

இந்தத் தடவை கமலாக்ஷி ஒவ்வொரு வார்த்தையையும் அண்ணனிடம் கேட்டுத்தான் தொட்டாள். வாசம் என்று எழுதலாமா என்றாள்; தமிழில் அது மணமோ நாற்றமோ ஆகிவிடும் என்றார். குடி என்றாள், ஏற்கனவே சந்தில் அந்தப் பேர் எனக்கு உண்டு, அது வேண்டாம் என்றார். எந்த வார்த்தையை எடுத்தாலும் அடியில் இன்னொரு வார்த்தை படுத்திருந்தது. கடைசியில் தாமசம் என்றால் தமிழில் என்ன என்று கேட்டாள்.

"லேட்டு" என்றார்.

லேட்டானால் யாரும் சாகமாட்டார்கள் என்று அவள் கணக்குப் போட்டாள். மலையாளத்தில் அது குடியிருப்பு, தமிழில் தாமதம். இரண்டிலும் ஆளுக்குச் சேதம் இல்லை. "முன்பத்திரத்தில் அறுபது நாளுக்குள் முழுமையாக ஒழியும் என்று கண்டிருப்பதை, தாமசம் என்று திருத்தி வாசிக்கவும்" என்று எழுதினாள். இவ்வீடும் இதிலுள்ள சகலமும் தாமசம். ரமேஷ்பாபுவுக்கு வரிவரியாகப் படித்துக் காட்டியபோது, வீட்டைச் செல்லப்பாவுக்கே விட்டுக்கொடுப்பதுபோல் இருக்கிறதே என்று அவருக்கு நன்றாகவே புரிந்தது. ஆனால் அன்று காலையில் பக்கத்திலிருந்த அவருடைய சொந்தக் கடையின் ஷட்டரில் ஒரு கைப்பிடி இல்லை. செல்லப்பா முன்பே போட்டிருந்த கையெழுத்துக்குக் கீழே, பேனாவை வாங்கி அவரும் போட்டார்.

மை காய்வதற்குள் கமலாக்ஷி அந்த வீட்டுக்கு ஓடினாள். வீடு என்று இருந்தது ஒரு கட்டில், அது நிற்கிற அளவுக்குத் தரை, வாசல் நிலை, தலைக்கு மேலே பதினைந்து இருபது ஓடு. செல்லப்பா எழுந்திருக்க முடியாமல் கட்டிலில் கிடந்தார். கணுக்கால்வரை இடது கால் இல்லை. அதைப் பார்த்ததும், ஜூலை முதல் தேதி சொல்லியிருக்க வேண்டியதை அவள் வாசலில் நின்று சொன்னாள். வேறு மொழியில் வேறு அர்த்தம் வராதபடி ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னாள்: "அண்ணா, நம்ம வீட்டுல வந்து இருங்க." செல்லப்பா அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பதில் சொல்லவில்லை. கோபமோ வருத்தமோ, முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. கிடங்கு வாசலில் ஒரு லாரிக்கு மூட்டை ஏற்றி முடிக்கும்வரை அவள் நின்று பார்த்தாள். பதில் வரவில்லை என்றதும் அவளுக்கு நிம்மதியாக இருந்தது. அவளே பின்னால் அழுதுகொண்டு சொன்னதால் இதை எழுதுகிறேன். பள்ளுருத்தி பஸ்ஸில் உட்கார இடமும் கிடைத்தது.

அன்றோடு ஒழிவது நின்றது. போனவை திரும்ப வர ஆரம்பித்தன, ஆனால் எல்லாமே தாமதமாக. விரல்கள் ஓணத்தன்று வந்தன, பாதம் அதற்கு மறுநாள். அடுக்களை அக்டோபரில் வந்தது. சட்டியில் கப்பை ஆறாமல் இருந்தது, செல்லப்பா மிளகாய்ச் சம்மந்தித் துவையல் வைத்து அதைச் சாப்பிட்டார். பாக்கியலக்ஷ்மியின் பேர் அவர் வாய்க்குத் தானாக வந்த நாள் நவம்பர் ஆறு, அன்று முழுக்க அதையே சொல்லிக்கொண்டு திரிந்தார். படம் அதற்கும் பிறகு வந்தது. பின்கட்டில் நத்தையைக் காணவில்லை, அது எங்கே போயிற்று என்று யாரும் விசாரிக்கவில்லை.

அந்த வீட்டில் எதுவும் நேரத்துக்கு நடக்காது என்பது சந்துக்கு மெல்லப் பழகிற்று. அங்கே மீன் பொரித்தால் வாசனை மறுநாள் வரும். வாசலில் நின்று கூப்பிட்டால் உள்ளே கேட்க நேரமாகும். மீன்காரர் கூவினால் அரைமணி, தபால்காரர் கூப்பிட்டால் இரண்டு நாள். சொல் எவ்வளவு கனமோ அவ்வளவு தாமதம் என்று ஜனங்கள் கண்டுபிடித்துக்கொண்டார்கள். ரமேஷ்பாபு ஒருநாள் வந்து, வீட்டைக் காலி பண்ணு என்று கால்மணி நேரம் கத்திவிட்டுப் போனார். ஐந்து மாதம் கழித்து ஒரு மத்தியானம் ஆளில்லாத வாசலிலிருந்து அந்தச் சத்தம் வந்தது. செல்லப்பா எழுந்து நின்று, "சரி சார், பாக்கேன் சார்" என்று வெறும் வாசலுக்கு மரியாதையாகப் பதில் சொன்னார். முட்டி சரியாகி வேலைக்குப் போன பிறகு மாதம் தவறாமல் வாடகையைக் கவரில் போட்டு ஜன்னலில் வைத்தார். அது மூன்று மாதம் கழித்து ரமேஷ்பாபுவின் கைக்கு வந்தது, ஆனால் வந்தது. பழைய பாக்கியும் அப்படியே வந்து சேர்ந்தது. வராத வாடகையைவிடத் தாமதமான வாடகை தேவலை என்று அவர் டூரிஸ்டுகளை மறந்தார். கமலாக்ஷி செல்லப்பாவை வெளியே எத்தனையோ தடவை பார்த்தாள். கோயிலில், கடையில், பஸ் ஸ்டாப்பில். அங்கே சொன்னால் உடனே கேட்கும். ஆனால் அந்த அழைப்பை அவள் மறுபடி சொல்லவில்லை. ஒரு தடவை சொல்லியாயிற்று, போதும் என்று வைத்துக்கொண்டாள்.

2025 ஜனவரி பத்தொன்பதாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை காலை, செல்லப்பா சவரம் பண்ணிக்கொண்டிருந்தபோது வாசலில் கமலாக்ஷியின் குரல் கேட்டது. அண்ணா, நம்ம வீட்டுல வந்து இருங்க. அவர் பாதிச் சவரத்தோடு எட்டிப் பார்த்தார், யாரும் இல்லை. மீதியையும் முடித்து, முகம் கழுவி, கொத்து வேலைக் கரணையும் தூக்குக்குண்டும் கப்பை சட்டியும் பாக்கியலக்ஷ்மியின் படமும் ஒரு சாக்கில் கட்டி, ஆட்டோ பிடித்தார். போகிற வழியில் ரமேஷ்பாபுவிடம் சாவியைக் கொடுத்தார். ரமேஷ்பாபு சாவியையும் அவரையும் மாறி மாறிப் பார்த்து, "எந்து பற்றி சேட்டா?" என்றார். என்ன ஆயிற்று என்று கேட்கிறார். "தங்கச்சி கூப்பிட்டுச்சு" என்றார் செல்லப்பா. ஆக அன்று அந்த வீடு மலையாளத்தில் ஒழிந்தது.

பள்ளுருத்தியில் கதவைத் திறந்த கமலாக்ஷி, சாக்கைப் பார்த்தாள், பிறகு அண்ணனைப் பார்த்தாள். ஆட்டோ அதற்குள் திரும்பிப் போயிருந்தது.

"நீ கூப்புட்டது இப்பத்தான் கேட்டுச்சு கமலா" என்றார் செல்லப்பா. "ஒடனே பொறப்புட்டு வந்துட்டேன். ஒண்ணும் தாமசம் பண்ணல."

அவள் உள்ளே திரும்பிப் பார்த்தாள். அதிதி மூன்றாவது தடவையாக அதே தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தாள். கூடத்தில் துணி காய்ந்துகொண்டிருந்தது. வீட்டில் இடம் இல்லை. இரண்டரை வருடத்துக்கு முன்பும் சரியாக இவ்வளவு இடம்தான் இல்லாமல் இருந்தது. அவள் சாக்கை வாங்கிக்கொண்டாள், கனத்தில் ஒரு பக்கம் சாய்ந்தாள். "வாங்க அண்ணா" என்றாள். அதிதி ஒன்றும் கேட்காமல் தன் மேஜையைக் கூடத்துக்கு இழுத்தாள். புருஷன் வெங்கிடேஷ் பரணிலிருந்து மடக்குக் கட்டிலை இறக்கித் தூசி தட்டினார். செல்லப்பா கட்டிலில் உட்கார்ந்து, பழக்கத்தில் சுவரை ஒரு தடவை தட்டிப் பார்த்துவிட்டு, கொஞ்சம் சாயா கிடைக்குமா என்று கேட்டார். இன்னும் வெகுநேரம் ஆகும் என்று நினைத்துச் சாய்ந்து உட்காரப் போனார். சாயா அதற்குள் வந்துவிட்டது, சூடாக.